எஸ்ஜிபிடி 78, ஸ்கேனில் கிரேடு 2: எண்ணெயைக் குறைத்தால் போதுமா?

தேயிலைக்காரன் (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். வயது 46, எடை 79 கிலோ, உயரம் 167 செ.மீ. குடிப்பழக்கம் கிடையாது, கல்யாண வீட்டில்கூட இல்லை. போன வாரம் மச்சான் சொன்னான் என்று முழு உடல் பரிசோதனை ஒன்று செய்துகொண்டேன். வந்த எண்களை அப்படியே போடுகிறேன்: எஸ்ஜிபிடி 78, எஸ்ஜிஓடி 52, ஜிஜிடி 64, பிலிரூபின் சரியாக இருக்கிறது, ஆல்புமின் 4.3, ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 236, நல்ல கொலஸ்டிரால் எனும் ஹெச்டிஎல் 36, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1, பிளேட்லெட் 2 லட்சத்து 10 ஆயிரம். வயிற்று ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அதாவது ஈரலில் கொழுப்பு, கிரேடு 2.

டாக்டர் அறையில் இரண்டு நிமிடம்தான் இருந்தேன். "எண்ணெயைக் குறையுங்கள், நடங்கள்" என்றார், ஒரு வைட்டமின் இ மாத்திரை எழுதினார், வெளியே வந்துவிட்டேன். நான் பொரித்ததே அதிகம் சாப்பிடுகிறவன் இல்லை. ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, தோட்டத்தில்தான் நாள் முழுக்க ஏறி இறங்குகிறேன். இதற்குமேல் என்ன நடப்பது? மாமியார் கீழாநெல்லி அரைத்துத் தருகிறேன் என்கிறார். எது சரி?

சோதனைக்குழாய் (குன்னூர்)

19 வருடமாக ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறேன். டாக்டர் இல்லை, அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல் நோகும்போது ரத்தத்தில் கசிகிறது, அதைத்தான் நாங்கள் அளக்கிறோம். எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. இன்னொன்று, ரிப்போர்ட்டில் 'இயல்பு: 55 வரை' என்று அச்சடித்திருப்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஆண்களுக்குச் சுமார் 30, பெண்களுக்கு 20, 25க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்று கல்லீரல் மருத்துவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதே நேரம் எஸ்ஜிபிடி 24 இருக்கிறவருக்கும் ஈரல் முழுக்கக் கொழுப்பு இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எஸ்ஜிஓடி ஈரலில் மட்டும் இல்லை, தசையிலும் நிறைய இருக்கிறது. அதனால் உங்களிடம் ஒரு கேள்வி: ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் தோட்டத்தில் என்ன வேலை செய்தீர்கள்?

தேயிலைக்காரன்

கவாத்து. ஆள் கிடைக்கவில்லை, நானும் தம்பியும் கத்தியைப் பிடித்து மூன்று நாள் தேயிலைச் செடிகளை வெட்டினோம். தோள்பட்டை தூக்கவே முடியவில்லை. அதற்கும் இதற்கும் என்ன அக்கா?

சோதனைக்குழாய்

அதுதான் கேட்டேன்! வழக்கமில்லாத கடும் வேலை செய்தால் தசையிலிருந்து எஸ்ஜிஓடி கசியும், எஸ்ஜிபிடியும் ஓரளவு ஏறும், இறங்கச் சில நாட்கள் ஆகும். சிபிகே என்று ஒரு டெஸ்ட், அது சேர்ந்து ஏறியிருந்தால் தசைதான் காரணம் என்று தெரிந்துவிடும். ஸ்கேனில் கிரேடு 2 வந்திருப்பதால் ஈரல் விஷயம் பொய்யில்லை, ஆனால் 52 என்பதில் எவ்வளவு ஈரலுடையது எவ்வளவு தோள்பட்டையுடையது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வாரம் கனமான வேலை வேண்டாம், அப்புறம் அதே ஆய்வகத்தில் திரும்பப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பார்த்தார்களா? இல்லையென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தைராய்டும். கொழுப்பு இருக்கிறது என்பதற்காக வேறு காரணம் இல்லை என்று ஆகிவிடாது.

வரக்காப்பி (ஊட்டி)

பள்ளியில் கணக்கு வாத்தியார், எனக்கும் 2019இல் இதே கிரேடு 2. ஸ்கேன் கிரேடை வைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிரேடு என்பது ஈரல் திரையில் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்று பார்ப்பவர் கண்ணால் சொல்வது. சாதாரண ஸ்கேனில் ஈரலில் 20, 30 சதவீதம் கொழுப்பு ஏறினால்தான் தெளிவாகத் தெரியவே தெரியும். பயப்பட வேண்டியது தழும்பு விழுந்திருக்கிறதா என்பதற்கு, கொழுப்பு வந்து போகும், தழும்பு லேசில் போகாது.

அதற்கு உங்களிடம் இருக்கிற எண்களே போதும். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். கீழே, பிளேட்லெட்டை (ஆயிரத்தில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் முடிந்தது.

உங்களுக்கு: 46 × 52 = 2392. 78இன் வர்க்கமூலம் 8.83, அதை 210ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1855. வகுத்தால் 1.29.

1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேலே போனால் உடனே நிபுணரிடம் போக வேண்டும், நடுவில் இருந்தால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற ஃபைப்ரோஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள். 65 வயதுக்கு மேல் கீழ் வரம்பை 2 என்று வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் வயதே எண்ணை ஏற்றிவிடும். நீங்கள் மயிரிழையில் இந்தப் பக்கம் நிற்கிறீர்கள், வரம்பை இவ்வளவு நெருங்கியதே கவாத்துக் கத்தியின் புண்ணியமாக இருக்கலாம். திரும்ப எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

சோதனைக்குழாய்

வாத்தியார் கணக்கு சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சிலருடைய ரத்தத்தில் ஊதா மூடிக் குழாய்க்குள் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் அதைக் குறைவாக எண்ணிவிடும், ஃபிப்-4 பொய்யாக ஏறிவிடும். திடீரென்று பிளேட்லெட் குறைந்து வந்தால் ஸ்லைடு போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பச்சிலை_பித்தன்

இவ்வளவு கணக்கு எதற்கு? எங்கள் பாட்டி காலத்தில் கீழாநெல்லிதான். ஒரு மண்டலம் மோரில் கலக்கிக் குடித்தால் ஈரல் பளபளவென்று ஆகிவிடும். கூடவே சீந்தில் கொடி. க்ரீன் டீ மாத்திரையும் ஆன்லைனில் கிடைக்கிறது, நம் நீலகிரி டீயிலிருந்துதானே எடுக்கிறார்கள்?

வரக்காப்பி

கீழாநெல்லி பற்றிச் சண்டை போட வரவில்லை, மஞ்சள் காமாலைக்கு நம் ஊரில் அதற்கு இருக்கிற மரியாதை வேறு, ஆனால் ஈரல் கொழுப்பைக் குறைப்பதாகக் காட்டிய உருப்படியான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. சீந்திலை மட்டும் தொடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடுகிறேன். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்கள் சிலருக்கு ஈரலே வீங்கியதை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள், தன் உடம்பே தன் ஈரலைத் தாக்குகிற வகை வீக்கம். க்ரீன் டீயைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பதில் ஒன்றுமில்லை. அதையே சுண்டக் காய்ச்சிச் சத்தாக எடுத்து மாத்திரையாக்கி வெறும் வயிற்றில் விழுங்கினால் ஈரலைக் கெடுக்கும், அதற்குப் பல நாடுகளில் பதிவு இருக்கிறது. இலை நம் மலையில் விளைந்தது என்பதால் மாத்திரை நமக்குச் சொந்தக்காரனாகிவிடாது.

அடுப்படி அரசி (வெலிங்டன்)

எல்லோரும் ரத்தத்தையே பேசுகிறீர்கள், சாப்பாட்டுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு இதே கதை. தேயிலைக்காரர் அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை டீ?

தேயிலைக்காரன்

காலை எழுந்ததும் ஒன்று. தோட்டத்துக்குப் போகும் முன் கடையில் ஒன்று. பத்து மணிக்கு ஃபிளாஸ்கில் இரண்டு கிளாஸ் ஆகும். மத்தியானம் இலை எடை போடும் இடத்தில் ஒன்று, சாயங்காலம் வர்க்கியோடு ஒன்று. ஆறு என்று வையுங்கள். குளிருகிற ஊரில் இது ஒரு பெரிய விஷயமா?

அடுப்படி அரசி

கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூன் 5 கிராம். ஆறு கிளாசுக்கு 60 கிராம். மாதம் 1.8 கிலோ சர்க்கரை, நீங்கள் ஒருவர் மட்டும், அதுவும் டீயில் மட்டும். நான் இதை என் வீட்டுக்காரரிடம் வாயால் சொன்னபோது கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் ஒரு டம்ளரில் பன்னிரண்டு ஸ்பூன் அளந்து போட்டு, மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். டம்ளரில் கால் பாகத்துக்கு மேல் நின்றது. எறும்பு வரும்வரை அங்கேயே இருந்தது. அன்று மாலை அரை ஸ்பூன் குறைத்தார், ஒன்றரை மாதத்தில் சர்க்கரையே நின்றது.

சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ், அதில் பெரும்பகுதி ஈரலுக்குத்தான் போகிறது, மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக மாற்றி வைக்கிறது. உங்கள் டிரைகிளிசரைடு 236க்கு எண்ணெய்ச் சட்டியைவிட டீ கிளாஸ்தான் பெரிய குற்றவாளி என்பது என் கணிப்பு. வெல்லம், பனங்கற்கண்டு, தேன் என்று மாறுவதால் தப்பிக்க முடியாது. தொட்டபெட்டா சாலையில் விற்கிற மலைத்தேனும் இதே வழியில்தான் போகும்.

அப்புறம் அந்த வர்க்கி. மைதா, சர்க்கரை, மடிப்புக்கு மடிப்பு வனஸ்பதியோ நெய்யோ. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, நல்லது, ஆனாலும் மைதா மைதாதானே. விருந்தாளி வந்தால் ஒன்று, அவ்வளவுதான்.

எதிர்க்கேள்வி

நம்ப முடியவில்லை. கொழுப்பு சாப்பிட்டால்தானே கொழுப்பு சேரும்? எண்ணெயைக் குறைக்கச் சொன்ன டாக்டர் தப்பா?

வரக்காப்பி

தப்பு இல்லை, பாதி. 2005இல் அமெரிக்காவில் ஒரு சிறிய குழு நோயாளிகளிடம் அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொடுத்து ஈரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்கள். ஏறத்தாழ 59 சதவீதம் உடம்பில் ஏற்கெனவே சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து வந்தது, 26 சதவீதம் மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து ஈரலே செய்தது, சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 சதவீதம்தான். ஆக முதல் வேலை தொப்பை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தொப்பையிலிருந்து கொழுப்பு ஓயாமல் ஈரலுக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். டேப்பை எடுத்து இடுப்பை அளந்து போடுங்கள், ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 என்பது நம் ஆட்களுக்கான அளவு.

தேயிலைக்காரன்

101. யாரும் சிரிக்கக் கூடாது.

ஒல்லிக்குச்சி (கூடலூர்)

நான் சிரிக்கவில்லை, என் எடை 58 கிலோதான், எனக்கும் ஃபேட்டி லிவர். "உனக்கா?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும் என்றும், பிஎன்பிஎல்ஏ3 என்கிற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் கொழுப்பு எளிதில் படியும் என்றும் டாக்டர் சொன்னார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சர்க்கரை நோய். நான் மூன்று கிலோ குறைத்தேன், கை காலெல்லாம் முன்பே குச்சி, இடுப்பில்தான் குறைந்தது. எஸ்ஜிபிடி 61இலிருந்து 33க்கு வந்தது.

மலைச்சாரல் செவிலி (கூடலூர் பக்கம்)

இந்த இழையில் பழங்குடி மக்கள் யாராவது படிப்பார்கள் என்றால் ஒரு வார்த்தை. பணியர், இருளர், குறும்பர் மக்களிடையே அரிவாள் செல் நோய் உண்டு. அது இருப்பவர்களுக்கு ஹெச்பிஏ1சி நம்பகமில்லை. சிவப்பணு சீக்கிரம் உடைந்துபோவதால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்டபின் சர்க்கரையும்தான் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, இரும்புச் சத்து குறைந்த பெண்களுக்கு ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். பாக்கேஜ் டெஸ்டில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஹெச்பிஏ1சி நன்றாக இருக்கிறது என்று ஒரு தனியார் முகாமில் சொல்லி அனுப்பிவிட்டார்கள், சாப்பிட்டபின் பார்த்தால் 240.

அடுப்படி அரசி

சாப்பாடு என்ன என்று தேயிலைக்காரர் அண்ணா தனியாகக் கேட்டிருந்தார், எல்லோருக்கும் ஆகட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மலைக்காரர்கள் நாம் செய்கிற பெரிய தப்பு சாதத்துக்கு உருளைக்கிழங்கைக் 'காய்' என்று கணக்கு வைப்பது. விளைகிறது, மலிவு, சுவையாகவும் இருக்கிறது, சரி. ஆனால் சாதமும் உருளையும் ஒரே பக்கம். என் வீட்டில் தட்டில் பாதி பீன்ஸ், முட்டைக்கோஸ், கீரை. கால் பாகம் அவரைக்கொட்டையோ பயறோ முட்டையோ மீனோ, மிச்சக் கால் பாகம்தான் சாதம். உருளை போட்டால் அன்றைக்குச் சாதம் அரைக் கரண்டிதான். படுகர் வீட்டு அவரைக் குழம்பு தெரியும்தானே, அதில் ஒரு கிண்ணம் நிறையக் கொட்டை போட்டுக்கொண்டு களியோ சாமைச் சோறோ ஒரு சின்ன உருண்டை, வயிறு நான்கு மணி நேரம் தாங்கும். சாமை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைத்து நான் முதல் மாதம் ஏமாந்தேன், அதுவும் மாவுச்சத்துதான், அளவு அளவுதான்.

பழம் முழுதாகச் சாப்பிடலாம், ஒரு கொய்யா, ஒரு பேரிக்காய், சீசனில் பிளம்ஸ். ஜூஸ் வேண்டாம். ராத்திரிச் சாப்பாடு எட்டுக்குள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று பாட்டிலில் கோடு போட்டு வைத்தேன்.

பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். எடை மடமடவென்று இறங்கினால் பித்தப்பையில் கல் வரும், ஈரல் வீக்கமும் கூடலாம். வாரம் அரைக் கிலோ போதும்.

வரக்காப்பி

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு இறங்கும், 7இலிருந்து 10 வரை போனால் வீக்கமும் அடங்கும், 10ஐத் தாண்டியவர்களுக்குத் தழும்பேகூடப் பின்வாங்கியதை 2015இல் கியூபாவில் நடந்த ஆய்வில் பார்த்தார்கள். உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரைக் கிலோ.

தோட்டத்தில் நடக்கிறேன் என்றீர்கள். அது ஏறி இறங்கி நின்று நின்று நடப்பது. மூச்சு வாங்குகிற மாதிரி, பேசலாம் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் தொடர்ந்து அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். எடை குறையாவிட்டாலும் இது ஈரல் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும்.

காப்பிக்கும் ஒரு வக்காலத்து, என் பெயரே அதுதான். சர்க்கரை இல்லாத காப்பி இரண்டு மூன்று கோப்பை குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. டீக்கு அவ்வளவு அழுத்தமான ஆதாரம் இல்லை. தேயிலைக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடம்.

வைட்டமின் இ மாத்திரை பற்றி: 2010இல் வந்த பெரிய ஆய்வில் 800 யூனிட் கொடுத்தார்கள், சர்க்கரை நோய் இல்லாத, திசுப் பரிசோதனையில் வீக்கம் உறுதியானவர்களுக்கு. அதைப் பார்த்துக் கிரேடு 2 என்றாலே எல்லோருக்கும் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எவ்வளவு நாள், எதற்கு என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தேயிலைக்காரன் (இரண்டு வாரம் கழித்து)

கத்தியைத் தொடாமல் திரும்பப் பார்த்தேன். எஸ்ஜிபிடி 70, எஸ்ஜிஓடி 41, பிளேட்லெட் 2 லட்சத்து 5 ஆயிரம். ஹெபடைடிஸ் இரண்டும் இல்லை, தைராய்டு சரி. ஃபிப்-4 நானே போட்டேன், 1.10 வருகிறது. அக்கா சொன்னதுதான், பத்து யூனிட் தோள்பட்டையுடையது.

தேயிலைக்காரன் (நான்கு மாதம் கழித்து)

எடை 73.4, இடுப்பு 95. எஸ்ஜிபிடி 41, எஸ்ஜிஓடி 34, டிரைகிளிசரைடு 158, பிளேட்லெட் 2 லட்சத்து 20 ஆயிரம். கீழே கோயம்புத்தூரில் ஃபைப்ரோஸ்கேனும் பார்த்துவிட்டேன். மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றார்கள், மலைப்பாதை வளைவுகளில் வெறும் வயிற்றோடு இறங்கியதில் தலை சுற்றியதுதான் மிச்சம். 6.8 கிலோ பாஸ்கல், 8க்குக் கீழே என்பதால் பயமில்லை என்றார்கள்.

ஒரு குழப்பம். ஃபிப்-4 போட்டால் 1.11 வருகிறது. எல்லாமே குறைந்திருக்கும்போது இது மட்டும் ஏன் இறங்கவில்லை?

வரக்காப்பி

நல்ல கேள்வி. எஸ்ஜிபிடி கீழே, வகுக்கிற பக்கம் நிற்கிறது. அது இறங்கினால் விடை ஏறப் பார்க்கும், எஸ்ஜிஓடி இறங்கினால் விடை இறங்கப் பார்க்கும், உங்களுக்கு இரண்டும் சமமாகிவிட்டது. கொழுப்பு குறைந்ததா என்று அதனிடம் கேட்காதீர்கள், அது தழும்புக்கான கணக்கு. கொழுப்புக்கு இடுப்பு டேப்பும் டிரைகிளிசரைடும் போதும்.

தேயிலைக்காரன்

சரி. இன்னொன்று, கொலஸ்டிராலுக்கு ஸ்டேட்டின் எழுதியிருக்கிறார்கள். ஈரல் நோயில் அதைச் சாப்பிடக் கூடாது என்று மெடிக்கல் கடையில் ஒருவர் சொன்னார்.

மலைச்சாரல் செவிலி

கடைக்காரர் சொன்னதை விடுங்கள். ஃபேட்டி லிவர் இருப்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். இந்த நோய் இருப்பவர்களை அதிகம் கொண்டுபோவது மாரடைப்புதான், ஈரல் அதற்கு அப்புறம்தான். எழுதியிருந்தால் சாப்பிடுங்கள், சொன்ன தேதியில் ரத்தம் பாருங்கள்.

அடுப்படி அரசி

டீ என்ன ஆயிற்று அண்ணா? அதைச் சொல்லவே இல்லை.

தேயிலைக்காரன்

ஆறு மூன்றாகிவிட்டது, மூன்றும் சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது. இப்போது பால் குறைத்து, சர்க்கரை இல்லாமல் குடிக்கும்போது எந்த ஃபேக்டரித் தூள் என்று வாயில் வைத்ததும் சொல்லிவிடுகிறேன், 25 வருடம் இலை போட்டும் இது தெரியாமல் இருந்திருக்கிறது. கடையில் மட்டும் பிரச்சினை, மறந்துபோய்ப் போட்டுவிடுகிறார், திருப்பிக் கொடுத்தால் அவருக்கு முகம் வாடுகிறது. மாமியார் கீழாநெல்லியைத் தோட்டத்து ஓரத்தில் நட்டு வைத்திருக்கிறார், அதையும் பிடுங்க மனம் வரவில்லை.

சோதனைக்குழாய்

செடி இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த ரத்தப் பரிசோதனை ஆறு மாதத்தில், அப்போது கவாத்து வந்தால் ஆள் வையுங்கள்.